நாலு பல் போன இடம்

ஒரு வாரம் வலப்பக்கம் இரண்டு, அடுத்த வாரம் இடப்பக்கம் இரண்டு. சொத்தையே இல்லாத நாலு பல்லை, 28 வயதில், காசு கொடுத்துப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். "நல்ல பல்லைப் போய் யாராவது பிடுங்குவாங்களா?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. முன்பல் எடுப்பாக இருக்கிறது, பல்லில் கம்பி கட்டி (பிரேசஸ்) அதை உள்ளே கொண்டுபோக இடம் வேண்டும், அதனால் சிங்கப்பல்லுக்கு அடுத்த சின்னக் கடைவாய்ப்பல்லை எடுத்தார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எடுத்த ஒவ்வொரு பல்லும் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் அகலம். அந்த இடைவெளி எப்படி மூடும் என்று கேட்டால் எல்லோரும் "ரப்பர் போட்டு இழுப்பாங்க" என்கிறார்கள். இழுத்தால் எது நகரும் என்று யாரும் சொல்வதில்லை, நானும் கேட்கவில்லை. கயிற்றின் இரண்டு முனையிலும் ஆள் இருக்கிற மாதிரிதான் இது: முன்பல் பின்னால் வரும், பின்னாலிருக்கிற பெரிய கடைவாய்ப்பல் முன்னால் வரும். கடைவாய்ப்பல் முன்னால் வந்து இடத்தை அடைத்துவிட்டால் இடைவெளி என்னவோ மூடிவிடும், எடுப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

எனக்கு நடந்த கூத்து வேறு. முதலில் பார்த்த இடத்தில் இரண்டாம் மாதமே, மெல்லிய கம்பி இருக்கும்போதே, பவர் செயின் (பல்லை இழுக்கும் ரப்பர் சங்கிலி) மாட்டிவிட்டார்கள். இடைவெளி மடமடவென்று குறைந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம், தினமும் செல்ஃபி. ஊர் மாறி வேறு டாக்டரிடம் போனபோது அவர் ஓபிஜி எக்ஸ்ரேயை (எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரிவது) திரையில் போட்டுக் காட்டினார். சிங்கப்பல்லின் தலை மட்டும் சாய்ந்து இடைவெளிக்குள் வந்திருந்தது, வேர் பழைய இடத்திலேயே நின்றது. சாய்ந்த தென்னைமரம் மாதிரி. அதை நிமிர்த்தவே ஐந்து மாதம் ஆனது, குறைந்த இடைவெளியில் கொஞ்சம் மறுபடி திறந்தும் கொண்டது.

அதன்பிறகுதான் தடித்த ஸ்டீல் கம்பி வந்தது. 0.019 × 0.025 அங்குலம், உருண்டையில்லை, செவ்வகமாக விளிம்பு வைத்தது. கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டான பிராக்கெட்டின் பள்ளத்தில் அது கிட்டத்தட்ட இறுக்கமாக உட்கார்ந்துகொள்வதால் பல் அவ்வளவாகச் சாயாமல் கம்பியோடு வழுக்கிக்கொண்டு நகரும். இழுக்க பவர் செயின் போடலாம், ஆனால் அது முதல் நாளிலேயே ஏறக்குறைய பாதி இழுவையை இழந்துவிடும், அதனால்தான் மாதாமாதம் மாற்றுகிறார்கள். (வெள்ளை செயின் கேட்காதீர்கள். ஒரே ஒரு நாள் சாம்பார், மஞ்சள் ஏறி மாதம் முழுக்க அதே நிறம்.) எனக்கு மேலே போட்டது நிக்கல் டைட்டானியம் காயில் ஸ்பிரிங், பேனா ஸ்பிரிங்கைவிடப் பொடிசு. விலை கூடுதல், ஆனால் இழுவை ஓரளவு ஒரே சீராக இருக்கும். கம்பியையே வளைத்து லூப் வைத்து மூடும் பழைய முறையும் உண்டு, அதில் வழுக்கல் உராய்வு இல்லை. டாக்டரின் கை மட்டும் நன்றாக இருக்க வேண்டும், வாய்க்குள் கன்னத்தை அது குத்தும் என்பதும் உண்மை.

கடைவாய்ப்பல் முன்னால் வராமல் இருக்க எனக்கு மேலே இரண்டு மினி ஸ்க்ரூ. எலும்பில் திருகு போடுகிறார்கள் என்றதும் இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் கொஞ்சம் மரத்துப்போகும் ஊசி, ஒரு அழுத்தம், ஐந்து நிமிடத்தில் முடிந்தது, பல் பிடுங்கியதில் கால்வாசி வலிகூட இல்லை. ஸ்பிரிங்கின் ஒரு முனை திருகில், மறு முனை முன்பக்கக் கம்பியின் கொக்கியில். இப்போது இழுவையைத் தாங்குவது எலும்பு, கடைவாய்ப்பல்லுக்கு வேலையில்லை. இடப்பக்கத் திருகு மூன்றாம் வாரமே ஆடிப்போய்க் கழன்று, பக்கத்தில் வேறு இடத்தில் போட்டார்கள். அது சகஜமாம்.

வேகம்? மாதம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், பல நேரம் அதற்கும் குறைவு. பல் போகிற பக்கம் எலும்பு கரைய வேண்டும், விட்டுவந்த பக்கம் புதிதாக வளர வேண்டும், அதற்கென்று ஒரு நிதானம் இருக்கிறது. "கொஞ்சம் டைட்டா வைங்க டாக்டர்" என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன். பலமாக இழுத்தால் பல் அந்த இடத்திலேயே முரண்டு பிடித்து நிற்கும், வேர் தேயவும் கூடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்போது கீழே இரண்டு பக்கமும் மூடிவிட்டது. மூடிய இடத்தில் ஈறு மடிந்து சின்னத் திரளாக நிற்கிறது, உடனே கட்டை அவிழ்த்தால் மறுபடி திறந்துகொள்ளும் என்பதால் மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள், அப்புறம் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் ரிடெய்னர் வேறு இருக்கிறது. மேலே வலப்பக்கம் இன்னும் 1 மில்லிமீட்டர் பாக்கி. அளக்க ஸ்கேல் தேவையில்லை, ரசத்தில் போடுகிற கறிவேப்பிலை அதில் போய் நிற்கிறது.