மூச்சை விட்டபின் எடுத்த படம்

கீழக்கரையில் எங்கள் மொட்டைமாடிப் புறாக்களையும் வாப்பாவின் இருமலையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் சொந்தக்காரர்கள். காசநோயோ என்று சளியைச் சோதித்ததில் இல்லை என்று வந்தது. எக்ஸ்ரேயிலும் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆனால் மாடிப்படியை நின்று நின்றுதான் ஏறினார். ராமநாதபுரத்து நெஞ்சக மருத்துவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா?" என்றார். நுரையீரலை மெல்லிய துண்டு துண்டாகப் படமெடுக்கும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார்.

இந்த ஸ்கேனுக்கு மருந்து ஊசி கிடையாது, பட்டினியும் தேவையில்லை. வாப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. இட்லி சாப்பிடவைத்தே மதுரைக்கு ரயிலேற்றினேன். சீட்டில் மூன்று விதமாக எடுக்கச் சொல்லியிருந்தது: மூச்சை இழுத்துப் பிடித்து, முழுவதும் வெளியே விட்டு, குப்புறப் படுத்து. ஸ்கேன் மையத்தில் முதலாவது போதும் என்றார்கள். சீட்டைக் காட்டி விடாப்பிடியாக நின்றேன்.

நின்றது நல்லதாயிற்று. மல்லாந்து படுத்தால் நுரையீரலின் பின்பகுதி அழுந்தி, நோயே இல்லாவிட்டாலும் மங்கலாகத் தெரியும். குப்புறப் படுத்தும் அந்த மங்கல் போகவில்லையென்றால்தான் அது நோய். மூச்சை விட்ட படத்தில் நல்ல நுரையீரல் சுருங்கி வெளுக்கும். காற்று சிக்கிக்கொண்ட இடம் மட்டும் கறுப்பாகவே நிற்கும்.

மூச்சுத் திணறுகிறவரிடம் மூச்சை முழுக்க விட்டுவிட்டு அப்படியே இரு என்பது கொடுமைதான். முந்தைய இரவே கட்டிலில் படுக்கவைத்துப் பழக்கியிருந்தேன். அப்படியும் ஒருமுறை பாதியில் இருமிவிட்டார். டெக்னீஷியன் பையன் முகம் சுளிக்கவில்லை, தண்ணீர் கொடுத்து, "மெதுவாக, ஐயா. நான் சொன்னபிறகு விடுங்கள்" என்றான். படம் எடுத்தது சில விநாடிகள், மற்றதெல்லாம் காத்திருப்பு.

ஃபிலிமோடு படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு நறுக்கிய நூற்றுக்கணக்கான படங்களில் ஃபிலிமில் கொஞ்சம்தான் இருக்கும். மருத்துவர் சி.டி.யைக் கணினியில் போட்டு மேலும் கீழும் உருட்டிக் காட்டினார். பனி படிந்த கண்ணாடிபோல் இரண்டு பக்கமும் வெள்ளை மூட்டம்: அது அழற்சி, மருந்துக்குக் கலையக்கூடியது. கீழே ஓரத்தில் சில கோடுகள்: அவை தழும்பு, இனி மாறாது. மூச்சை விட்ட படத்தில் அங்கங்கே கறுப்புத் திட்டுகள். புறா எச்சம், இறகுத் தூசி ஆகியவற்றால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி என்றார். இது அபூர்வ நோயும் இல்லை. 2017இல் வெளியான இந்திய நுரையீரல் நோய்ப் பதிவேட்டில், நுரையீரல் திசுவில் அழற்சியோ தழும்போ ஏற்படும் இந்த வகை நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒவ்வாமை அழற்சிதான்.

புறாக்களைக் கொடுக்க வாப்பா சம்மதித்ததுதான் பெரும்பாடு. பிறகு ஸ்டீராய்டு மாத்திரை. நினைத்தபோதெல்லாம் ஸ்கேன் எடுக்க முடியாது. ஒரு நெஞ்சு ஸ்கேனின் கதிர்வீச்சு, இயற்கையாக நம்மீது இரண்டு மூன்று ஆண்டுகளில் படுவதற்குச் சமம். இடையில் ஊதும் பரிசோதனையும் நடைப் பரிசோதனையும்தான்.

மறு ஸ்கேனுக்குப் பழைய சி.டி.யையும் கொண்டுபோனோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் மூட்டம் பெரும்பாலும் கலைந்திருந்தது, கோடுகள் அப்படியே இருந்தன. மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதினார். பக்கத்து வீட்டுப் புறா நம் மாடியில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்று வாப்பா கேட்டார். வலை கட்டச் சொன்னார் மருத்துவர்.