மாடி வெயிலில் ஃபில்லர் பட்டைகள்: டேப் சோதனை ஒருவழியாகக் கைகூடியது

பாலியெஸ்டர் ரெசினில் வெவ்வேறு ஃபில்லர்களை (கால்சியம் கார்பனேட், மரத்தூள் போன்ற நிரப்புப் பொருள்களை) கலந்து வார்த்து, அடையாறு வீட்டு மொட்டை மாடியில் தெற்கு நோக்கி 13 பாகைச் சாய்வில் கட்டி வைத்த பட்டைகளில் எது எவ்வளவு மாவு உதிர்க்கிறது என்பதை, கத்திரி முடிந்த பிறகு இப்போதுதான் ஐயமின்றிப் பிரித்தறிய முடிந்தது.

வெயில் கால்சியம் கார்பனேட்டை ஒன்றும் செய்வதில்லை. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து மேற்பரப்பிலுள்ள ரெசினை அரித்துவிட, பிடிமானம் இழந்த துகள்கள் வெள்ளை மாவாக மேலே நிற்கின்றன. அதை அளக்க ஐ.எஸ்.ஓ. 4628-6 என்ற பன்னாட்டுத் தரநிலை பெயின்டுக்குச் சொல்லும் முறை எளியதுதான்: ஒளி ஊடுருவும் டேப்பைப் பட்டையில் அழுத்தி, உரித்து, கறுப்பு அட்டையில் ஒட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கும் ஊரில் டேப்பில் ஏறுவது மாவா, தூசியா? கழுவினால் மாவும் சேர்ந்து போய்விடும். வினிகர்ச் சொட்டு விட்டால் கார்பனேட் நுரைக்கும் என்றாலும், சிமென்ட் தூசியும் அப்படியே நுரைக்கிறது. ஆகவே ஒவ்வொரு கலவையிலும் ஒரு பட்டையை வெயில் படாமல், காற்று மட்டும் படும்படி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தேன். அதன் டேப்பையும் வெயில் பட்டையின் டேப்பையும் அருகருகே ஒட்டினால், முன்னதில் சாம்பல் நிறப் புள்ளிகள் சிதறித் தெரிகின்றன; பின்னதில் விரல் அழுத்திய இடம் முழுவதும் பால்போல் வெளுத்திருக்கிறது. அழுத்தம் மாறாதிருக்க, விரலுக்குப் பதில் ஒரு கிலோ எடைக்கல்லை ரப்பர்த் துண்டின் மேல் வைப்பது இன்னும் நல்லது.

மிக மோசமாக வெளுத்தது டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளை நிறமி கலந்த பட்டை. அதற்கு ரூட்டைல், அனடேஸ் என இரு படிக வடிவங்கள் உண்டு; பாரிமுனையில் வாங்கிய அந்தப் பொடி எந்த வகை என்று கடைக்காரர் சொல்லவில்லை. விலையைப் பார்த்தால் அனடேஸ்தான் என்பது என் கணிப்பு. அனடேஸ் ஒளிபட்டால் தானே வினையூக்கியாக மாறிச் சுற்றியுள்ள ரெசினைச் சிதைக்கும். வெளிப்புறப் பெயின்டுக்குப் பூச்சு பூசிய ரூட்டைலைத் தேடுவது அதனால்தான்.

கார்பன் பிளாக் 2 சதவீதம் சேர்த்த பட்டை பளபளப்புக்கூடக் குறையாமல் நிற்கிறது. ஆனால் ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் பெராக்சைடின் வேலையை அது தடுப்பதால் இறுகுவதற்குள் பொறுமை போய்விடுகிறது. மரத்தூள் பட்டைகளின் கணக்கை இன்னும் எழுதி முடிக்கவில்லை; அதற்குள் ஹால்ஸ் (HALS) என்னும், வெயிலில் ரெசின் சிதைவதைக் குறைக்கும் நிலைப்படுத்தியைச் சில்லறையில் தருபவர் அம்பத்தூர்ப் பக்கம் யாரேனும் உண்டா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டேன்.