பக்கத்தை வெளியே தள்ளியது யார்?

டேட்டாபேஸ் நன்றாக ஓடுகிறதா என்று யாராவது கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது கேஷ் ஹிட் விகிதத்தைத்தான், அதாவது கேட்ட டேட்டா டிஸ்க்குக்குப் போகாமல் நினைவகத்திலேயே எவ்வளவு கிடைத்தது என்பதை. எங்கள் சர்வரில் அது எப்போதும் 99 சதவீதத்துக்கு மேல். ஆனாலும் தோவாளை பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் போடும் முதல் பில்கள் இழுத்துக்கொண்டே இருந்தன. "எப்பா, எடை போட்டு எவ்வளவு நேரமாச்சு, கேரளா வண்டி கிளம்பி நிக்குவு, பில்லு இன்னும் வரலியே" என்று மண்டிக்காரர் போனில் சத்தம் போடும்போது அந்த 99-ஐ வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது? ஓணம் நெருங்கினால் பிச்சியும் கேந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாக எல்லை தாண்டும். அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் அவருக்குக் காசு.

நாகர்கோவிலில் இருக்கும் எங்கள் சிறிய குழு பூ கமிஷன் மண்டிகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறது. அடியில் ஓடுவது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் 16-ஆம் பதிப்பு. அதில் டேட்டா 8 கேபி பக்கங்களாகப் பிரிந்திருக்கும். டிஸ்க்கிலிருந்து எடுத்த பக்கங்களை வைத்துக்கொள்ளும் பொதுவான பஃபர் நினைவகத்துக்கு அது தானாக எடுத்துக்கொள்ளும் அளவு 128 எம்பி, அதாவது 16,384 பக்கங்கள். நாங்கள் அதைக் கூட்டி வைத்திருந்தோம். இருந்தும் இடம் அளவானதுதான். புதுப் பக்கம் ஒன்று உள்ளே வர வேண்டுமானால் பழையது ஒன்று வெளியேற வேண்டும். யாரை வெளியேற்றுவது என்பதைக் கடிகார முள் மாதிரி சுற்றி வரும் ஒரு தேடல் முடிவு செய்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பயன்பாட்டு எண் உண்டு. தொடத் தொட அது ஏறும், 5-க்கு மேல் போகாது. முள் கடக்கும்போதெல்லாம் ஒன்று குறையும். பூஜ்யத்தில் யாரும் பிடித்திராத பக்கம் வெளியேறும்.

ஹிட் விகிதம் இதில் எதையும் சொல்லாது. கணக்கைக் கடைசியாக அழித்ததிலிருந்து கூடிக்கொண்டே வரும் எண்ணிக்கை அது. பகல் முழுக்கக் கிடைத்த கோடிக்கணக்கான ஹிட்களில் விடியற்காலையின் சில நிமிடத் தடுமாற்றம் கரைந்துபோகும். போதாக்குறைக்கு, தன் பஃபரில் இல்லாததால் வெளியிலிருந்து எடுத்தது என்று போஸ்ட்கிரெஸ் 'ரீட்' கணக்கில் எண்ணுவது டிஸ்க்கிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் சொந்த கேஷிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

2023-ல் வெளிவந்த 16-ஆம் பதிப்பில் பிஜி_ஸ்டாட்_ஐஓ என்ற வியூ, அதாவது டேபிள் மாதிரி கேட்டுப் பார்க்கும் பட்டியல், சேர்ந்தது. எத்தனை பக்கங்கள் வெளியேற்றப்பட்டன, அது சாதாரண வாசிப்பிலா, வேக்கம் என்ற துப்புரவு வேலையிலா, பெரிய டேபிளை மொத்தமாக வாசிப்பதிலா என்று பிரித்துக் காட்டும். அருமையான வேலை. எங்கள் சர்வரில் அது சாதாரண வாசிப்பைக் கைகாட்டியது. ஆனால் எந்த டேபிளை வாசிக்கும்போது என்று அது சொல்லாது. டேபிள்வாரியாக ஹிட்டும் ரீட்டும் வேறொரு வியூவில் இருக்கின்றன, அங்கே வெளியேற்றம் இல்லை. போஸ்ட்கிரெஸின் நிரல் யாரும் திருத்தக்கூடிய திறந்த மூலம் என்பதால் இந்த இடைவெளியை நாங்களே நிரப்ப முடிந்தது.

நிரப்ப உட்கார்ந்ததும் எங்களுடன் வேலை செய்யும் தக்கலைப் பெண் கேட்டாள்: "அண்ணா, வெளியே போற பக்கம் ஒரு டேபிளோடது, அதைத் தள்ளிவிடுறது இன்னொரு டேபிளை வாசிக்கிறவங்க. இதுல யார் கணக்குல எழுதணும்?" இதைவிட நல்ல கேள்வியை இந்த வேலையில் நான் கேட்டதில்லை.

வெளியேறும் பக்கத்தின் மேல் அதன் கோப்பு எண்தான் ஒட்டியிருக்கும், டேபிளின் அடையாளம் இருக்காது. எண்ணிலிருந்து டேபிளைக் கண்டுபிடிக்க, டேபிள்களின் விவரம் இருக்கும் கேட்டலாக்கைப் பார்க்க வேண்டும். கேட்டலாக்கும் டேபிள்தான், அதை வாசிக்கவும் பஃபர் வேண்டும். பஃபருக்கு இடம் தேடும் நடுவிலேயே இன்னொரு பஃபர் கேட்டு நிற்கக் கூடாது. தள்ளிவிட்டவர் கணக்கில் எழுதுவதோ எளிது. வாசிக்கச் சொன்ன டேபிள் மேல் அடுக்கில் கையிலேயே இருக்கிறது. ஹிட்டா இல்லையா என்ற விடை கீழிருந்து மேலே வருவது போல, 'ஒன்றை வெளியேற்றினேன்' என்ற விடையையும் மேலே அனுப்பினால் போதும். எங்களுக்குத் தெரிய வேண்டியதும் அதுவே. அதனால் தள்ளியவர் கணக்கில் எழுதினோம்.

எண்ணுவதே பாரமாகிவிடக் கூடாது என்பதிலும் நான் பிடிவாதமாக இருந்தேன். எல்லா கனெக்‌ஷனும் ஒரே எண்ணை ஏற்றிக்கொண்டிருந்தால் பிராசஸர் கோர்கள் அதற்காக அடித்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் இதற்கு ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கனெக்‌ஷனும் தன்னிடமே எண்ணி வைத்து, இடைவெளி விட்டுப் பொது நினைவகத்தில் சேர்க்கும். எங்கள் எண்ணும் அதே வழியில் போனது. ஹிட் ஆகும் பாதையில் ஒரு வரி நிரலும் கூடவில்லை.

கூடவே ஒரு சின்ன விஷயம். சர்வரை முறையாக நிறுத்தும்போது இந்தக் கணக்குகள் ஒரு கோப்பில் எழுதப்படும். கட்டமைப்பில் புதிதாக ஒரு எண்ணைச் சேர்த்தால் அந்தக் கோப்பின் வடிவ அடையாள எண்ணையும் மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் பழைய கோப்பைப் புது வடிவமாக வாசித்துக் குப்பையைக் காட்டும். கரன்ட் போய் சர்வர் திடீரென்று விழுந்தாலோ கணக்கு மொத்தமும் அழிந்து முதலிலிருந்து தொடங்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் ஊரில் இதை அலட்சியமாக விட முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களை ஒரு சாதாரண டேபிளில் பிரதி எடுத்து வைத்தோம்.

அந்தப் பிரதிகள்தான் உண்மையைச் சொன்னன. நாங்கள் எல்லோரும் சந்தேகப்பட்டது இரவு ஓடும் விற்பனைச் சுருக்கத்தை. அது பில் டேபிளை முழுசாக வாசிக்கும். ஆனால் பஃபரில் கால் பங்குக்கு மேல் பெரிய டேபிளை அப்படி வாசித்தால் போஸ்ட்கிரெஸ் 256 கேபி அளவுள்ள ஒரு வளையத்துக்குள்ளேயே சுற்றவிடும், மற்றவர் பக்கங்களை அதிகம் தொடாது. எண் எகிறியது பேரேட்டு டேபிளில். விவசாயிகளுக்குப் பற்று வரவு நோட்டீஸ் தயாரிக்கும் வேலை, ஒவ்வொருவரின் முன்பாக்கியையும் பல வருடப் பதிவு வரிகளைக் கூட்டிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. வரி எங்கே இருக்கிறது என்று காட்டும் இண்டெக்ஸ் வழியாகப் போவதால் வளையம் கிடையாது. ஒரே ஒரு வரிக்காக ஒரு பக்கம், அடுத்த வரிக்கு எங்கோ கிடக்கும் இன்னொரு பக்கம். சந்தை உறங்கும் நேரத்தில் யாரும் தொடாத பில் பக்கங்களும் கணக்கு முகவரிப் பக்கங்களும் பூஜ்யத்துக்கு இறங்கி வெளியேறின. சந்தை விழிக்கும்போது எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

மாதம்தோறும் பாக்கியை முடித்து வைக்கும் ஒரு டேபிள் போட்டதும் பழைய வரிகளைத் தோண்டும் வேலை நின்றது. அந்த ஓணத்துக்கு மண்டிக்காரர் பில்லுக்காகப் போன் பண்ணவில்லை. காசோலை எப்போது வாங்க வருகிறீர்கள் என்று கேட்கத்தான் பண்ணினார்.

இப்போது 17-க்கு மாற வேண்டும். அதில் பல பக்கங்களை ஒரே வாசிப்பில் சேர்த்துக் கேட்கும் முறை வந்துவிட்டதால் நாங்கள் கை வைத்த பகுதி ஆளே மாறியிருக்கிறது. மாற்றத்தைப் புதிதாகவே எழுத வேண்டும். தக்கலைப் பெண் இதற்கிடையில் வெளியேறும் டேபிளின் கணக்கையும் தொடங்கிவிட்டாள். வெளியேறியவர்களைக் கோப்பு எண்ணாகவே தனியாகக் குறித்து வைத்து, டேபிள் பெயரை அப்புறம் ஆற அமரப் பொருத்திக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம். டேபிளை ட்ரங்கேட் செய்தால், அதாவது மொத்தமாகக் காலி செய்தால், கோப்பு எண் மாறிவிடுமே, அதை எப்படித் தொடர்வது என்பதில் நிற்கிறோம்.