பாயசத்துக்கு வைத்த திராட்சை

தை கிருத்திகை அன்று காலை. பாயசத்துக்கு முந்திரியும் உலர் திராட்சையும் எடுத்து வைத்துவிட்டு அம்மா பூ வாங்கத் தெருமுனைக்குப் போனார். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கிண்ணம் தரையில் கிடக்கிறது, ஜிம்மி வாயை நக்கிக்கொண்டிருக்கிறான். 14 கிலோ நாட்டு நாய்.

"பழம்தானேடா, விடு" என்றார் அம்மா. எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. முன்பு தடுப்பூசி போடப் போனபோது, சாக்லேட்டையும் திராட்சையையும் கிட்டேகூட வைக்காதீங்க என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போன் அடித்தேன். எத்தனை கிலோ, எவ்வளவு தின்றான், எத்தனை மணிக்கு என்று மூன்றே கேள்விதான் கேட்டார். "உப்புத் தண்ணி கரைச்சு ஊத்திடாதீங்க, அதுவே விஷமாயிடும். அப்படியே தூக்கிட்டு வாங்க." அம்மா கையில் உப்பு ஜாடி.

வடசென்னையில் எழில் நகரிலிருந்து தண்டையார்பேட்டை போக வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்தது. "கூட்ஸுண்ணா, லேட் ஆவும்" என்று ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார். ஜிம்மியோ பக்கத்தில் பைக்கில் இருந்தவரைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து ஏமாந்து திரும்பிப் போகிறவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். வாந்தி தொடங்கவே பல மணி நேரம் ஆகலாம். சிறுநீரகம் கெடுவது தெரிய ஒன்றிலிருந்து மூன்று நாள்.

கிளினிக்கில் வாந்தி வர ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் மூன்று முறை வாந்தி. சுருக்கமெல்லாம் போய் உப்பிப்போன திராட்சைகள். கையுறை மாட்டிக்கொண்டு எண்ணினேன்: 31. அப்புறம் மிச்ச விஷத்தை உறிஞ்சக் கரித்தூள் கரைசல் கொடுத்தார்கள், பாதி என் சட்டையில். அடுத்த இரண்டு நாளும் முன்னங்காலில் ஊசி செருகியபடியே டிரிப்ஸ். மூன்று நாளும் ரத்தம் எடுத்து, சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியேட்டினின் அளவைப் பார்த்தார்கள். முதல் நாள் 1.1, கடைசி நாளும் 1.1. அந்தச் சீட்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

எத்தனை தின்றால் ஆபத்து என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். கணக்கே கிடையாதாம். ஒரு நாய் கைப்பிடி தின்றும் தப்பிக்கும், இன்னொன்று கொஞ்சம் தின்றே சாய்ந்துவிடும். திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று 2021-இல்தான் அமெரிக்காவில் நச்சியல் மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பழத்துக்குப் பழம் அதன் அளவு மாறும். பச்சையோ, பன்னீர் திராட்சையோ, காய்ந்ததோ, எதுவும் கூடாது.

"புளியிலும் அதே அமிலம்தான், நிறையவே இருக்கு" என்றார். கூட வந்திருந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. தினமும் ராத்திரி ஜிம்மிக்கு ரசஞ்சோறுதான். "பூண்டு வேற போடுவீங்களே, அதுவும் ஆகாதும்மா" என்று டாக்டரம்மா முடித்துவிட்டார்.

வாழைப்பழம், பப்பாளி, தர்பூசணி, ஆப்பிள் எல்லாம் விதையோ தோலோ இல்லாமல் ஒரு துண்டு கொடுக்கலாம். மாம்பழமும் சதை மட்டும். கொட்டையை விழுங்கிக் குடலில் மாட்டிக்கொண்டால் ஆபரேஷன்தான்.

பங்குனியில் புதுப் புளி வாங்கி மாடியில் காயவைத்தோம். அம்மா மாடிக் கதவைத் தாழ்போட்டு, அது போதாதென்று உள்ளேயிருந்து அம்மிக்கல்லையும் நகர்த்தி வைத்தார். ஜிம்மி கல்மேல் ஏறிப் படுத்துக்கொண்டான்.