சைக்கிள் கேள்விக்கு ஆறு நொடி பதில்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கான பேச்சுப் பயிற்சியில் சைக்கிள் பற்றிக் கேட்டதும், 'யெஸ், ஐ லைக் சைக்கிளிங், இட் இஸ் குட் ஃபார் ஹெல்த்' என்று முடித்துவிட்டேன். மொபைலில் பதிவு செய்து கேட்டால் ஆறு நொடிகூட இல்லை.

சரி என்று, பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளை நினைத்துக்கொண்டேன். வாரம் ஒருமுறை செயின் கழன்றுவிடும், சுடிதார் முழுக்க கிரீஸ். இப்போது வாய் தானாகப் பேசியது: 'ஐ யூஸ்ட் டு சைக்கிள் டு ஸ்கூல், பட் த செயின் கெப்ட் கமிங் ஆஃப்.' பழைய வழக்கத்தைச் சொல்ல 'யூஸ்ட் டு' அவ்வளவு கைகொடுக்கிறது!

பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதிக்கு, 1990களில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வழியாகப் புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றதைச் சொல்லப்போகிறேன். அதில் வரும் 'இண்டிபெண்டன்ஸ்' என்ற சொல்லில் 'பெண்' என்ற அசை மேல் அழுத்தம் விழ வேண்டும். அதைத்தான் தினமும் சொல்லிப் பழகுகிறேன்.