கசப்பு, வாடை, கொழகொழப்பு: வளர்ந்த பிள்ளைகள் தட்டை ஏன் தள்ளுகிறார்கள்

குமரி மாவட்டத்தில் பத்தாம் வகுப்பு தாண்டிய பிள்ளைகள் தீயலை (வறுத்த தேங்காய் அரைத்த புளிக்குழம்பு) தள்ளி வைப்பார்கள், சாளை மீனின் (மத்தி) வாடைக்கே எழுந்து போவார்கள். களியக்காவிளைப் பக்கம் குழிமந்தி (அரேபிய முறை இறைச்சிச் சோறு) என்றால் வயிறு நிறையச் சாப்பிடுவார்கள். இதை வாய்க்கொழுப்பு என்று வைவதில் பயனில்லை.

புதுச் சாப்பாட்டின் மீதான பயம் 2 முதல் 6 வயதுக்குள் உச்சத்தில் இருந்து, பிறகு மெல்லக் குறையும். அதற்கப்புறமும் வேண்டாம் என்றால் பெரும்பாலும் கசப்பு, வாடை, கொழகொழப்பு இவற்றில் ஒன்றுதான் காரணம். கசப்பை உணர்வதில் பிறவியிலேயே வேறுபாடு உண்டு. ஒரே முட்டைக்கோஸ் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) அண்ணனுக்கு இனிக்கும், தங்கைக்குக் கசக்கும். அவள் பொய் சொல்லவில்லை. வளரும் வயதில் இனிப்பு நாட்டமும் பெரியவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே எது பிடிக்கவில்லை என்று முதலில் கேளுங்கள். அதை மட்டும் மாற்றுங்கள். (எடை குறைவது, மாதவிடாய் நிற்பது, விழுங்கவே பயப்படுவது இருந்தால் சமையலில் தீர்வு தேடாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.)

பாவக்காயை எடுத்த எடுப்பில் தீயலாகக் கொடுக்க வேண்டாம். 250 கிராமை மெல்லிசாக அரைவட்டமாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் உப்புப் பிசறி 20 நிமிடம் வைத்துப் பிழியுங்கள். உப்பு நீரை இறக்குவதோடு நாக்கில் கசப்பையும் அமர்த்தும். தேங்காயெண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்து, தயிர்ச்சோற்றுக்குப் பக்கத்தில் நாலே நாலு துண்டு வையுங்கள். அது பழகியபின் அதே வறுவலைத் தீயலில் போடலாம்.

தீயலில் பிழை நடக்கும் இடம் தேங்காய். ஒரு கப் துருவலை நாலு சின்ன உள்ளியோடு (சின்ன வெங்காயம்) சிறுதீயில் கைவிடாமல் கிளறி, காப்பிப்பொடி நிறம் வரும் வரை வறுக்கவேண்டும். கால் மணி நேரமாவது ஆகும். அடுப்பை அணைத்தபின் ஒரு டேபிள்ஸ்பூன் மல்லிப்பொடி, ஒரு டீஸ்பூன் வத்தல்பொடி (மிளகாய்ப்பொடி); சட்டிச் சூடே போதும். தீயைக் கூட்டினால் துருவலின் ஓரம் கரியும், அந்தக் கரிந்த கசப்பு காயின் கசப்போடு சேரும், பழி முழுவதும் பாவக்காய்மேல் விழும். பெரிய நெல்லிக்காய் அளவு புளி, இறக்கும்போது அரை டீஸ்பூன் கருப்பட்டி. மறுநாள் தீயலுக்குத்தான் ருசி கூடுதல். பிள்ளைக்கு அதைக் கொடுங்கள்.

சாளையில் வாடைதான் சிக்கல். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலையும் நடுமுள்ளை ஒட்டிய ரத்தக்கோட்டையும் விரலால் சுரண்டி எடுத்து, கல்லுப்புப் போட்டுக் கழுவவேண்டும். வாடைக்குக் காரணமான பொருளைப் புளிப்பு கட்டிப்போடும், அதனால் குடம்புளியைக் குறைக்காதீர்கள். முள்ளுக்குப் பயப்படும் பிள்ளைக்குக் குக்கரில் சிறுதீயில் 20 நிமிடம் வைத்தால் முள் மெத்தென்று ஆகிவிடும்.

முருங்கைக்கீரையில் கசப்பைவிட வாயில் குத்தும் காம்புதான் தொந்தரவு. இலையை மட்டும் உருவி, ஈரம் போக உலர்த்தி, மூடாமல் ஐந்து நிமிடம் வதக்கி இரண்டு முட்டை உடைத்துவிடுங்கள். தெரிந்த முட்டை ருசியோடு கீரையும் போகும்.

எதையும் ஒரு தடவை வைத்து முடிவு கட்டாதீர்கள். சிறு பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில் ஒரு புதுச் சுவை பழக 8 முதல் 15 தடவை வரை தேவைப்பட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் போதும். பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வரும் நேரம் மிக நல்லது, பஜ்ஜிக்குப் பிறகு வைத்தால் வீண். "சத்து" என்று சொல்லி வைக்கவேண்டாம், அப்படிச் சொன்னாலே ருசி இருக்காது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வற்புறுத்தினால் வெறுப்புதான் மிஞ்சும். பெரியவர்களுக்கும் பழக நாளாகும்தானே. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு), அன்று குமரியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் பரப்ப 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவே முன்னின்றார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது அதுதான் பலருடைய பசியாற்றியது.

சிவப்புச் சம்பா அரிசிக்கு மாற்றவேண்டுமானால் வெள்ளை அரிசியோடு ஒரே பானையில் போடாதீர்கள். சம்பா வேகுமுன் வெள்ளை குழைந்துவிடும். தனித்தனியாக வடித்து, மூன்று பங்கு வெள்ளைச் சோற்றில் ஒரு பங்கு சம்பா கலந்து தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்துப் பாதிக்குப் பாதி.