குதிகாலும் பழைய சப்பாத்தும்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி இறங்கியது போல ஒரு வலி. பத்தடி நடந்தால் போய்விடும். அதனாலேயே மூன்று வாரம் கண்டுகொள்ளவில்லை. பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம், தாவரவியல் பூங்காவில் ஓட்டமும் நிற்கவில்லை.

பிசியோ அம்மா என் காலைப் பார்த்துவிட்டுச் சப்பாத்தை வாங்கினார். ஈரத்துணி பிழிவது போல முறுக்கினார். அதுவும் அப்படியே முறுக்கிக்கொண்டது. "இதைப் போட்டுக்கிட்டா ஓடுறீங்க?"

பிளாண்டர் ஃபேசியைட்டிஸாம். குதிகாலிலிருந்து விரல்வரை போகும் திசுப்பட்டை நொந்துபோவது. சப்பாத்தைக் குறை சொல்லவும் முடியாது, பாவம், 1,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பொதுவாக 500 முதல் 800-க்குள் உள்மெத்தை செத்துவிடும். மேலே பார்த்தால் புதுசு மாதிரி பளபளப்பாகத்தான் இருக்கும்!

புதுசு வாங்கச் சாயங்காலமாகப் போனேன். பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான். ஓட்டத்துக்குப் போடும் காலுறையையும் கொண்டுபோனேன். இருபது வருஷமாக என் அளவு ஒன்பது என்று நினைத்திருந்தேன். அளந்தால் ஒன்பதரை, அதுவும் அகலக் கால். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு எடுத்தோம். கடைக்குள்ளேயே நாலு முறை ஓடிப் பார்த்தேன். வீட்டுக்காரம்மா என்னைத் தெரியாதவர் போலக் காலுறை விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதைக்குக் கெண்டைக்காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும்தான். ஓட்டம் கிடையாது. தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி. அவரும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.